15 நிமிட நகரம்: யாரையும் அடைத்து வைக்கும் திட்டமல்ல

“கார்பனைக் குறைக்கிறோம் என்று சொல்லி மக்களை அவரவர் பகுதிக்குள்ளேயே அடைக்கப் போகிறார்கள். தாண்டினால் அபராதம். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் ஆரம்பித்துவிட்டது” என்று ‘15 நிமிட நகரம்’ பற்றி ஒரு செய்தி பல நாடுகளில் சுற்றி வருகிறது. இது தவறு.

இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில் பிறந்த கதை இது. கடை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் நடந்தோ சைக்கிளிலோ 15 நிமிடத்தில் போய்விடும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் 15 நிமிட நகரம். பாரிஸ் பேராசிரியர் கார்லோஸ் மொரேனோ 2016-இல் முன்வைத்த யோசனை. பாரிஸ் அதைக் கையிலெடுத்தது. இதில் வேலியும் இல்லை, காவலும் இல்லை.

அபராதம் எங்கிருந்து வந்தது? 2022 நவம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு பகுதியின் உள்ளாட்சி அமைப்பான ஆக்ஸ்ஃபோர்டுஷையர் கவுண்டி கவுன்சில் ஒப்புதல் கொடுத்தது இன்னொரு திட்டத்துக்கு. நெரிசலைக் குறைத்து பேருந்துகளை வேகமாக ஓடவைக்க, ஆறு சாலைகளில் கேமரா. அந்தத் திட்டப்படி, அனுமதி இல்லாத கார் கேமரா உள்ள இடத்தைக் கடந்தால்தான் அபராதம். நகரவாசிகளுக்கு ஆண்டுக்கு 100 நாள் அனுமதியும் அதில் இருந்தது. நடப்பவர், சைக்கிள், பேருந்து, எதற்கும் தடையில்லை. காரிலும் சுற்றுச்சாலை வழியாக நகரின் எந்த மூலைக்கும் போகலாம். கொஞ்சம் சுற்று, அவ்வளவுதான்.

அந்தச் சுற்று நியாயமா என்று தாராளமாகச் சண்டை போடலாம். உள்ளூர்க் கடைக்காரர்கள் போட்டார்கள். சிறை என்பது மட்டும் கட்டுக்கதை.