பியோவுல்ஃபைப் படித்தது யார்?

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்த பிள்ளைகளின் பாடத்திட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சண்டை போடத் தோன்றும். பியோவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியம், அப்புறம் சாசர், ஷேக்ஸ்பியர், மில்டன், போப், ஸ்விஃப்ட், ஜான்சன் என்று ஒரே வரிசை. தாத்தா சொத்து அப்பாவுக்கு, அப்பா சொத்து மகனுக்கு என்று பத்திரம் மாறி வந்தது போல. வரிசையின் தலையில் நிற்கும் பியோவுல்ஃபைப் பின்னால் நிற்கிற ஒருவராவது படித்ததற்குத் தடயம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். கிடையாது.

அந்தக் காவியத்துக்கு உலகத்தில் இருப்பது ஒரே ஒரு பிரதி. கி.பி. 1000 வாக்கில் இரண்டு பேர் தோலில் எழுதியது, 3182 அடிகள். கதை இங்கிலாந்தில் நடக்கவே இல்லை. டென்மார்க்கிலும் தெற்கு ஸ்வீடனிலும் நடக்கிறது. ராபர்ட் காட்டன் என்ற சேகரிப்பாளரின் நூலகத்தில் அது கிடந்தது. 1705-இல் ஹம்ஃப்ரி வான்லி அட்டவணை போட்டபோது, பியோவுல்ஃப் என்ற டேனிஷ்காரன் ஸ்வீடன் அரசர்களோடு செய்த போர் பற்றியது என்று குறித்து வைத்தார். கதையில் வரும் அரக்கன் கிரெண்டல், அவன் தாய், கடைசியில் வரும் டிராகன் எதுவும் அவர் கண்ணில் படவில்லை போல. 1731-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் நூலகம் தீப்பிடித்தது. பிரதி தப்பியது, ஆனால் ஓரங்கள் கருகி, தொடத் தொட உதிர ஆரம்பித்தன.

அப்புறம் வந்தார் தோர்கெலின் என்ற ஐஸ்லாந்துக்காரர். 1787 வாக்கில் அவர் எடுத்த நகல்களில், இன்று மூலத்தில் உதிர்ந்துபோன எழுத்துகள் பல இருக்கின்றன. பதிப்புக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்தார். 1807-இல் பிரிட்டிஷ் கடற்படை கோபன்ஹேகன் மீது குண்டு வீசியதில் அவர் வீடும் உழைப்பும் சாம்பல். நகல்கள் மட்டும் பிழைத்தன. மறுபடி உட்கார்ந்து 1815-இல் லத்தீன் மொழிபெயர்ப்போடு அச்சிட்டார், அதுவும் கோபன்ஹேகனில், அதுவும் ‘டேனிஷ் காவியம்’ என்று! ஆங்கில இலக்கியத்தின் ஆதி நூல் முழுசாக அச்சேறியபோது, வரிசையின் கடைசி ஆளான ஜான்சன் செத்து முப்பது வருஷம் கடந்துவிட்டது.

அப்படியானால் சாசருக்கு யார் முன்னோர்? பிரெஞ்சுக் கவிஞர்களும் இத்தாலிய பொக்காச்சியோவும். மில்டனுக்கு ஹோமரும் வர்ஜிலும் பைபிளும். போப் வருஷக்கணக்கில் இலியட்டை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். சாசரிலிருந்து கீழே ஒரு தொடர்ச்சி இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஸ்பென்சர் அவரைக் கொண்டாடினார், டிரைடன் 1700-இல் அவருடைய கதைகளைத் தன் காலத்து ஆங்கிலத்தில் திருப்பி எழுதினார். பியோவுல்ஃபுக்கு அப்படி ஒருவரும் இல்லை.

அறிவொளிக் காலம் எனப்படும் 18-ஆம் நூற்றாண்டுக்காரர்களே இந்த வரிசையைப் போடவில்லை என்பதுதான் வேடிக்கை. தாமஸ் வார்ட்டன் 1774-இல் வெளியிடத் தொடங்கிய ஆங்கிலக் கவிதை வரலாறு 11-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்துதான் கிளம்புகிறது. ஜான்சனின் கவிஞர் வரலாறுகள் 52 பேரைப் பற்றியவை. முதல் ஆள் கௌலி, 17-ஆம் நூற்றாண்டுக்காரர். சாசர்கூட இல்லை. பெண் ஒருத்திகூட இல்லை. பட்டியல் பெரும்பாலும் லண்டன் புத்தக வியாபாரிகள் போட்டது. அவர்களுக்கு விற்கிற சரக்குதான் முக்கியம்.

தாமதமாக வந்தது பியோவுல்ஃப் மட்டுமா? ‘சர் கவைனும் பச்சை வீரனும்’ 1839-இல்தான் அச்சு கண்டது. மார்ஜரி கெம்ப் தன் வாழ்க்கையைச் சொல்லி எழுதவைத்த 15-ஆம் நூற்றாண்டு நூலின் முழுப் பிரதி, 1934-இல்தான் ஒரு பணக்காரக் குடும்பத்து வீட்டிலிருந்து வெளியே வந்தது. இதையெல்லாம் ‘இடைக்காலம்’ என்று ஒரு யூனிட்டில் அடைத்து ஐந்து மார்க் கேள்வி கேட்கிறோம்.

என்னைக் கேட்டால் தலைகீழாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். முதல் செமஸ்டரில் ஸ்விஃப்ட் 1729-இல் எழுதிய ‘ஓர் எளிய யோசனை’ போதும். அயர்லாந்தில் ஏழைக் குழந்தைகள் 1,20,000 என்று கணக்குப் போட்டு, 20,000-ஐ இனவிருத்திக்கு நிறுத்திக்கொண்டு, மீதி ஒரு லட்சத்தை ஒரு வயதில் பணக்காரர் சாப்பாட்டு மேசைக்கு விற்கலாம் என்று ஒரு கனவான் நிதானமாக வாதிடுகிறார். கொழுத்த குழந்தைக்குப் பத்து ஷில்லிங் என்று விலை வேறு. இரண்டு பக்கம் சத்தமாக வாசித்தால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். அகராதி கையில் இருந்தால் மொழி தடுக்காது. கோபம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பிள்ளைகளே தேடுவார்கள்.

அங்கிருந்து மில்டன், ஷேக்ஸ்பியர், சாசர் என்று பின்னோக்கிப் போகட்டும். சாசர் வரும்போது பழைய உச்சரிப்பு பயமுறுத்தாது. கடைசி செமஸ்டரில் பியோவுல்ஃப். இப்போது நடப்பது என்ன? பள்ளி முடித்து வந்த பிள்ளைக்கு, முற்றிலும் வேறு மொழி மாதிரி இருக்கிற பழைய ஆங்கிலக் காவியத்தின் கதைச்சுருக்கம். அதுவும் கைடிலிருந்து. பாதிப் பேர் மூலத்தின் ஒரு அடியைக்கூடக் கேட்காமலே பட்டம் வாங்கிப் போகிறார்கள்.

கல்லூரி ஆசிரியர் வேலைக்கான நெட், செட் தகுதித் தேர்வுகளில் காலவரிசை கேட்பார்களே என்று பேராசிரிய நண்பர்கள் சொல்வார்கள். கேட்கட்டும். அதற்கு ஒரு பக்க அட்டவணை போதும், எழுதிய ஆண்டு ஒரு பத்தி, அச்சான ஆண்டு பக்கத்துப் பத்தி. அதை ஒட்டுவதற்கு மூன்று வருஷப் பாடத்திட்டம் எதற்கு?