ஓசூரில் தண்ணீரின் ஆவியழுத்தம் குறைவா?

ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கு தண்ணீரின் ஆவியழுத்தம் (மூடிய இடத்தில் தண்ணீரிலிருந்து எழும் ஆவி தரும் அழுத்தம்) குறைவு என்றொரு செய்தி கிருஷ்ணகிரி மாவட்ட மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இது தவறு. ஆவியழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலையே. 30 டிகிரி செல்சியஸில் அது சென்னையிலும் ஓசூரிலும் 31.8 மில்லிமீட்டர் பாதரசம்தான். குறைவது காற்றழுத்தம், அதனால்தான் ஓசூரில் தண்ணீர் 97 டிகிரியை ஒட்டியே கொதிக்கிறது.

ஆவியழுத்தத்தைச் சோதனையில் அளந்தும் பார்க்கலாம். பீக்கர் நீரில் கவிழ்த்த 10 மில்லி அளவுசாடியில் சிறிது காற்றை அடைத்து, 75 டிகிரி வரை சூடாக்கி, ஆறும்போது கன அளவைக் குறித்துக்கொண்டே வந்து, கடைசியில் பனிக்கட்டியிட்டு 5 டிகிரிக்குக் கீழே கொண்டுபோனால், ஆவி பெரும்பாலும் நீங்கி, உள்ளிருக்கும் காற்றின் அளவு தெரிந்துவிடும். மற்ற வெப்பநிலைகளில் அக்காற்றின் அழுத்தத்தைக் கணக்கிட்டு வளிமண்டல அழுத்தத்திலிருந்து கழித்தால் மிஞ்சுவது ஆவியழுத்தம். கவனம் தேவைப்படும் இடம் இதுவே: வளிமண்டல அழுத்தத்தை ஓசூருக்குரிய ஏறத்தாழ 680 மில்லிமீட்டர் என்பதற்குப் பதில், கடல்மட்டத்துக்குரிய 760 என்று கணக்கு முழுவதும் போட்டால், விடை ஏறத்தாழ 12 சதவீதம் கூடுதலாகத்தான் வரும், குறையாது.