ஆர்எம். என்பது ஒரே பெயர்

என் மகள் இளநிலைப் பட்டப் படிப்பை முடித்துப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. ஆறு பருவங்களின் மதிப்பெண் பட்டியல்கள், ஒருங்கிணைந்த பட்டியல், தற்காலிகச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் என ஒன்பது தாள்கள் அவளுக்கு வந்திருக்கின்றன. அந்த ஒன்பதிலும் அவள் பெயரின் முன்னெழுத்து மூன்று விதமாக அச்சாகியிருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி ஒன்றில்கூட இல்லை. இதைத் திருத்தித் தாருங்கள் என்று கேட்டால், பெயர் மாற்றிக்கொண்டதாக அரசிதழில் அறிவிப்பு வெளியிட்டு அதன் நகலைக் கொண்டு வாருங்கள் என்கிறார்கள். அவள் தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றியவர்கள் அவர்கள்.

செட்டிநாட்டில் முன்னெழுத்து எழுதும் முறை வெளியூராருக்குப் பழக்கமில்லாமல் இருக்கலாம் என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். என் பெயர் இராமநாதன். வெறும் 'ஆர்' என்று எழுதினால் அது இராமசாமியா, இரத்தினமா, இராமநாதனா என்று தெரியாது. ஆகவே எங்கள் பக்கத்தில் பல பெயர்களுக்கு இரண்டு ஆங்கில எழுத்துகள் கொண்ட சுருக்கம் உண்டு. இராமநாதன் 'ஆர்எம்', பழனியப்பன் 'பிஎல்', அருணாசலம் 'ஏஆர்', சிதம்பரம் 'சிடி', அழகப்பன் 'ஏஎல்'. இரண்டு எழுத்தும் சேர்ந்துதான் ஒரு பெயர். இடையில் புள்ளியும் வராது, இடைவெளியும் வராது. தமிழில் எழுதும்போது 'இராம.' என்று எழுதுவோம். இப்படிப் பாட்டனார் பெயரும் தகப்பனார் பெயரும் அடுக்கி வருவதை விலாசம் என்போம். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில் அந்த விலாசத்தைப் பார்த்துத்தான் பணம் கைமாறியது. முகம் பார்க்காமல், எழுத்தைப் பார்த்து நம்பினார்கள். எழுத்து மாறினால் ஆள் வேறு, கடை வேறு.

இது ஏதோ மூலையில் ஒளிந்து கிடக்கும் வழக்கமும் அன்று. 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியாரின் முன்னெழுத்து 'எஸ். ஆர்எம். எம்.' 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கிய கோட்டையூர் அழகப்பச் செட்டியாரின் முன்னெழுத்து 'ஆர்எம்.' 1937இல் காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கிளை திறந்து இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். என் மகள் படித்தது இவர்கள் யாருடைய பெயரோடும் தொடர்பில்லாத, வேறு மாவட்டத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கல்லூரியில். அதன் பெயரை இங்கே சொல்லப் போவதில்லை. ஆனால் தமிழ்நாட்டில் கல்விக்கூடம் கட்டியவர்களின் பெயரிலேயே இருக்கும் ஒரு முன்னெழுத்தை, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் தேர்வுப் பிரிவு, கண்டதே இல்லை என்பது போல என்னிடம் பேசியபோது எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

பிழை தொடங்கிய இடம் எனக்குத் தெரியும். சேர்க்கைப் படிவத்தில் என் மகள் தன் கைப்பட 'ஆர்எம்' என்று சேர்த்துத்தான் எழுதினாள்; அதன் நகல் என்னிடம் இருக்கிறது. கல்லூரியில் அதைக் கணினியில் ஏற்றியவர் இரண்டு எழுத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டார். கல்லூரியிலிருந்து பெயர்ப் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது இடைவெளி இருந்த இடத்தில் புள்ளி வந்தது. பட்டச் சான்றிதழின் தமிழ்ப் பகுதியில் அது 'ரா. ம.' என்று இரண்டு பேராக உடைந்துவிட்டது. அந்த 'ம.' யார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பெயரோடு முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ஆணையிட்டது. நல்ல ஆணை, மனமார வரவேற்றேன். ஆனால் அதை நிறைவேற்றுகிறவர்கள் மாணவியிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதியிருக்க வேண்டாமா? கேட்டிருந்தால் அவள் 'இராம.' என்று ஒரு நொடியில் சொல்லியிருப்பாளே.

இதைவிட என்னைக் கொதிக்க வைப்பது வேறொன்று. முதல் பருவத்தின் தேர்வு நுழைவுச்சீட்டு கைக்கு வந்த அன்றே நாங்கள் பிழையைக் கண்டுவிட்டோம். மறுநாளே கல்லூரி அலுவலகத்தில் மனு கொடுத்தோம். "இப்போது கை வைத்தால் தேர்வு எழுதுவதில் சிக்கல் வரும், படிப்பு முடியட்டும், கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்திக்கொள்ளலாம் ஐயா" என்றார்கள். நம்பினோம். அன்று திருத்தியிருந்தால் ஒரே ஒரு பதிவைத் திருத்தினால் போதும். இன்று ஒன்பது தாள்களைத் திருத்த வேண்டும், ஒவ்வொரு தாளுக்கும் தனித்தனியே கட்டணம். தங்கள் பிழையைத் தாங்களே மூன்று ஆண்டு வளரவிட்டு, வளர்ந்த பிழைக்குத் தாள் கணக்கில் என்னிடம் பணம் கேட்பது எந்த ஊர் நியாயம்? ஏதோ நான் அவர்களிடம் சலுகை கேட்டு வந்து நிற்பது போல அல்லவா அந்தக் கட்டணப் பட்டியலை என் முன் நீட்டுகிறார்கள்!

நான்கு முறை போய் வந்துவிட்டேன். முதல் முறை, கல்லூரி முதல்வரின் பரிந்துரைக் கடிதம் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை கடிதத்தோடு போனேன். முன்னெழுத்து இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி வேண்டும் என்றார்கள். மூன்றாம் முறை அதையும் எழுதி, நோட்டரி கையொப்பத்தோடு கொண்டு போனேன். அன்றுதான் அரசிதழ் கதை தொடங்கியது. நான்காம் முறை சென்றபோது அந்தப் பிரிவில் இருந்தவரே மாறியிருந்தார். என் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று தேடவே பிற்பகல் ஆகிவிட்டது. தேவைப்படும் ஆவணங்கள் இவையிவை என்று ஒரு தாளில் எழுதி முதல் நாளே கொடுத்திருந்தால், காரைக்குடியிலிருந்து விடியற்காலைப் பேருந்து பிடித்து ஓர் அறுபது வயதுக்காரன் நான்கு முறை அலைய வேண்டியிருக்காது.

மூன்றாம் பயணத்தில் பக்கத்து இருக்கையில் புதுவயலைச் சேர்ந்த ஓர் அம்மா இருந்தார். அரிசி ஆலையில் கூலி வேலை. மகனின் பிறந்த தேதியில் மாதமும் நாளும் இடம் மாறிப் பதிவாகிவிட்டதால் அவரும் அதே அலுவலகத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தார். அவன் வேலைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்கு ஓய்வூதியம் வருகிறது, நேரமும் இருக்கிறது, சண்டை போடத் தெம்பும் இருக்கிறது. அந்த அம்மாவுக்கு அன்றைய கூலி போயிற்று, பேருந்துக் காசு போயிற்று. மாலையில் திரும்பும்போது "அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காங்கண்ணே" என்று மட்டும் சொன்னார். இந்த நடைமுறைகளை வகுத்தவர்கள் ஒரே ஒரு நாள் அந்த அம்மாவோடு அந்தப் பேருந்தில் வந்து பார்க்க வேண்டும்.

என் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. ஆனால் சான்றிதழ் சரிபார்ப்பு முடியவில்லை. கடவுச்சீட்டில் முன்னெழுத்துக்கு இடமில்லை என்பதால் 'இராமநாதன்' என்று முழுப் பெயராக இருக்கிறது, ஆதாரிலும் அப்படியே. பட்டத்தில் இருக்கும் 'ஆர்', 'எம்' என்ற இருவரில் யார் இராமநாதன், மற்றவர் யார் என்று நிறுவனத்திலிருந்து கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தாளில் இருப்பதைத்தான் அவர்கள் பார்க்க முடியும். சரியான சான்றிதழ்களைத் தருவதற்கு அவர்கள் கொடுத்த தொண்ணூறு நாளில் எழுபத்தொரு நாள் கழிந்துவிட்டது.

விதிகள் இல்லாமலும் இல்லை. மாணவர் தகுதி பெற வேண்டிய நாளிலிருந்து 180 நாட்களுக்குள் பட்டம் வழங்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் 2008ஆம் ஆண்டு ஒழுங்குமுறை சொல்கிறது. பட்டம் என்றால் அந்த மாணவரின் பெயரில் உள்ள பட்டம் என்றுதானே பொருள்? பெயர் தவறான பட்டத்தைக் கையில் கொடுத்துவிட்டு, கொடுத்தாயிற்று என்று கணக்கை எப்படி முடிக்க முடியும்? மாணவர் குறைதீர்ப்புக்கென்றே 2023இல் தனி ஒழுங்குமுறை வந்தது. புகார் கிடைத்த 15 வேலை நாட்களுக்குள் குறைதீர்ப்புக் குழு தன் அறிக்கையைத் தர வேண்டும். அதில் நிறைவு இல்லையென்றால் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். இவற்றையெல்லாம் நான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். நான்கு முறை அந்தக் கவுண்டரில் நின்றும், இப்படி ஒரு வழி இருக்கிறது என்று ஒருவர்கூட எனக்குச் சொல்லவில்லை.

எங்கள் நகரத்தார் சமூகத்துக்குரிய நகரக் கோவிலில் திருமணமான ஒவ்வொரு தம்பதியையும் ஒரு 'புள்ளி'யாக, அதாவது ஒரு குடும்பமாக, பதிவு செய்கிறார்கள். என் திருமணப் பதிவில் என் விலாசம் ஓர் எழுத்துப் பிசகாமல் இருக்கிறது. அந்த ஏட்டை எழுதியவரிடம் கணினி இல்லை. எழுதுவதற்கு முன் என்னிடம் கேட்டார், அவ்வளவுதான்.

நான் கேட்பது பெரிய காரியமன்று. சேர்க்கைப் படிவத்திலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் உள்ளபடி ஒன்பது தாள்களையும் கட்டணமில்லாமல் அச்சிட்டுத் தர வேண்டும். பிழை அலுவலகத்தில் நேர்ந்தது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். பெயர் மாற்றிக்கொண்டதாக அரசிதழில் அறிவிக்க என் மகளும் நானும் ஒருபோதும் கையெழுத்திட மாட்டோம். நடக்காத ஒன்றை நடந்ததாக அரசாங்க ஏட்டில் ஏற்றுவது பொய்.

நேற்று குறைதீர்ப்புக் குழுவுக்குப் புகாரை விரைவுத் தபாலில் அனுப்பினேன். அது அங்கே போய்ச் சேரும் நாளிலிருந்து 15 வேலை நாட்களை எண்ணப் போகிறேன். என் மகளுக்கு மிச்சமிருப்பது 19 நாட்கள், ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்து.