கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன் கீபோர்டைப் பழக்குங்கள்

எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை முடிந்ததும் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கம் கம்ப்யூட்டர் கோர்ஸ் நோட்டீஸ்கள் முளைத்துவிடும். மூன்று மாதம், ஆறு மாதம், கடைசியில் பளபளவென்று ஒரு சான்றிதழ். சேர்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளையின் பள்ளிக்கூட லேபில் காசில்லாமல் என்ன கிடைக்கிறது என்று பார்த்துவிட்டுச் சேருங்கள் என்கிறேன்.

கேரளத்தில் பள்ளிக் கம்ப்யூட்டர் கல்வி நேற்று வந்ததல்ல. 2001இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்று தொடங்கியது, 2017இல் கைட் என்ற நிறுவனமாக மாறியது. ஹைஸ்கூலில் ஐ.சி.டி. (தகவல் தொடர்புத் தொழில்நுட்பம்) தனிப் பாடம். தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குப் புத்தகம் தமிழிலேயே இருக்கிறது, பத்தாம் வகுப்பு ஐ.டி. பரீட்சையையும் தமிழில் எழுதலாம். லேப் கம்ப்யூட்டர்களில் விண்டோஸுக்குப் பதில், உபுண்டு என்ற இலவச சிஸ்டத்தை வைத்து உருவாக்கிய கைட் குனு/லினக்ஸ் ஓடுகிறது. ஆபிஸ் வேலைக்கு லிப்ரே ஆபிஸ், படத்துக்கு ஜிம்ப், இங்க்ஸ்கேப், கணிதத்துக்கு ஜியோஜீப்ரா, புரோகிராமுக்குப் பைதான் எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. 2025-26 முதல் பத்தாம் வகுப்பில் ரோபோட்டிக்ஸும் சேர்ந்துவிட்டது. நோட்டீஸ் கோர்ஸ்களில் பெரும்பாலும் வேர்ட், எக்செல், பவர்பாயின்ட் மூன்றுதான். பள்ளிக்கூடத்தில் கிடைப்பதையே மறுபடி காசு கொடுத்துப் படிக்கிறார்கள்.

அப்படியானால் குறை எங்கே? பாடத்தில் இல்லை, கை படும் நேரத்தில். ஒரு கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு பேர், மூன்று பேர். மவுஸ் ஒருவன் கையில், மற்ற இருவரும் வேடிக்கை. வாரத்தில் சில பீரியட், அதிலும் கரண்ட் போனால் போனதுதான். வருஷக் கடைசியில் பாடமெல்லாம் தெரியும், விரல் மட்டும் நகராது.

அதனால் கோர்ஸ் பணத்தில் ஒரு பழைய லேப்டாப் வாங்குவது மேல். 4 ஜி.பி. ரேம் இருந்தால் சமாளிக்கலாம், 8 இருந்தால் நிம்மதி. சுற்றும் ஹார்ட் டிஸ்க் என்றால் அதைக் கழற்றிவிட்டு 240 அல்லது 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. போடுங்கள். ‘பழசு, இழுக்குது’ என்று ஒதுக்கிய மெஷின்களில் பாதி அதிலேயே எழுந்துவிடும். கைட் குனு/லினக்ஸ் இலவசம். 16 ஜி.பி. பென்டிரைவில் ஐ.எஸ்.ஓ. கோப்பை (முழு சிஸ்டமும் அடங்கிய ஒரே கோப்பு) வெறுமனே காப்பி செய்தால் பூட் ஆகாது, ரூஃபஸ் அல்லது எட்சர் மாதிரி ஒன்றால் எழுத வேண்டும். முதலில் இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்த்து வைஃபை, சவுண்ட், டச்பேட் மூன்றும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். விண்டோஸும் வேண்டுமென்றால் ‘டிஸ்கை அழித்து நிறுவு’ என்ற தேர்வைத் தொடவே கூடாது. கல்யாண போட்டோ முதல் நிலப் பத்திர ஸ்கேன் வரை ஒரே கிளிக்கில் போய்விடும்.

மெஷின் வந்ததும் முதல் வேலை டைப்பிங், அதுவும் தமிழில். போனில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழ் வரவைப்பது பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழக்கம். அதில் ல, ள, ழ மூன்றையும் போனே ஊகித்துக்கொள்கிறது, பிள்ளைக்கு யோசிக்கும் வேலையே இல்லை. தமிழ்99 என்ற கீபோர்டு முறையில் ஒவ்வொரு எழுத்தையும் பிள்ளையே தேர்ந்து அடிக்க வேண்டும். மொத்தம் 31 விசைதான்: 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி. உயிரெல்லாம் இடது கைக்கு, வ, ங தவிர மெய்யெல்லாம் வலது கைக்கு. கீபோர்டில் மேடு தட்டும் இரண்டு விசைகளில் இடதுபக்கத்தது புள்ளி, வலதுபக்கத்தது ‘ப’. ஒரே மெய்யை அடுத்தடுத்து இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும்: அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு, ‘அம்மா’ வந்துவிடும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே: ப, ந, த, உ அடித்தால் ‘பந்து’. லினக்ஸில் ஐபஸ் (கீபோர்டு முறையை மாற்றித்தரும் புரோகிராம்) வழியாக எம்17என் தொகுப்பிலுள்ள தமிழ்99ஐச் சேர்த்தால் இந்த வசதி கிடைக்கும். கீபோர்டில் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், கண் கீழே இறங்கினால் வேகம் ஏறாது. தினம் 20 நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உட்காரவைப்பதில் பயனில்லை.

பழைய டி.டி.பி. கடையில் அடித்த கோயில் நோட்டீஸைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை தெரிகிறதா? வைரஸ் இல்லை. அது பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தது, எல்லா மெஷினும் படிக்கும் பொதுமுறையான யூனிகோட் அல்ல. கன்வெர்ட்டர் ஒன்றால் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது, ஃபோல்டர். போனில் வளர்ந்த பிள்ளைக்கு ஃபைல் எங்கே போய் உட்கார்ந்தது என்ற கேள்வியே எழாது. ஐ.டி. பரீட்சையில் வேலையைச் சரியாக முடித்துவிட்டு, கேள்வி சொன்ன ஃபோல்டரில் சொன்ன பெயரில் சேமிக்காமல் மார்க்கை விடுகிறவர்கள் உண்டு. லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. வெப் பக்கத்தில் படம் வரவில்லை என்றால் பெரும்பாலும் ஃபைல் பெயரில் ஒரு எழுத்துதான் இடிக்கும். பொள்ளாச்சி, கோயம்புத்தூர் காலேஜுக்கு ஃபைல் அனுப்பும்போது லிப்ரே ஆபிஸ் வடிவத்தில் அப்படியே அனுப்பாமல் பி.டி.எஃப். ஆக்கி அனுப்பினால் அங்கே எழுத்து குலையாது.

ஸ்ப்ரெட்ஷீட் சொல்லிக்கொடுக்க ‘ராமு 78 மார்க், ராணி 82 மார்க்’ என்று எடுத்துக்காட்டு போடுகிறவர்களைக் கண்டால் எரிச்சல்தான் வருகிறது. வீட்டில் பால் சொசைட்டிப் புத்தகம் கிடக்கிறதே! தேதி, காலையா மாலையா, லிட்டர், ஃபேட் (கொழுப்பு), எஸ்.என்.எஃப். (கொழுப்பல்லாத திடப்பொருள்), விலை, தொகை. ஏழு பத்தி, 30 நாளுக்கு 60 வரி. இதை ஒரு மாதம் ஏற்றினால் மூன்று மாதக் கோர்ஸ் அதற்குள் அடங்கிவிடும், ஏனென்றால் வர வேண்டிய தப்பெல்லாம் இங்கே வரும். ‘6 லி’ என்று எழுத்தோடு அடித்தால் மெஷினுக்கு அது எண்ணே இல்லை, கூட்டலில் விட்டுவிடும். எண் கட்டத்தில் வலது ஒட்டி நிற்கும், எழுத்து இடது ஒட்டி நிற்கும், பார்த்தாலே பிடித்துவிடலாம். தேதி அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் 5/6 மே 6 ஆகிவிடும். 13ஆம் தேதியிலிருந்து தேதியாகவே ஏற்காது, வரிசைப்படுத்தினால் மாதம் சிதறும். சொசைட்டி பிடிக்கும் தீவனக் கடனை லிட்டர் கணக்கில் கழிப்பதற்காக ஒரு கட்டத்தில் போட்டு, சூத்திரத்தைக் கீழே இழுத்தால் இரண்டாவது வரியிலிருந்து தொகை தப்பும். இழுக்கும்போது அந்தக் கட்டம் மாறாமல் நிற்க அதன் பெயருக்கு டாலர் குறி போட மறந்ததுதான் காரணம், எஃப்4 தட்டினால் விழும்.

எனக்குப் பிடித்தது சராசரி ஃபேட் கணக்கு. காலையில் 6 லிட்டர் 3.8, மாலையில் 4 லிட்டர் 4.4. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 4.1. அது தப்பு. 6ஐ 3.8ஆலும் 4ஐ 4.4ஆலும் பெருக்கிக் கூட்டினால் 40.4, பத்து லிட்டரால் வகுத்தால் 4.04. இதைச் செய்யத்தான் சம்புராடக்ட் என்ற சூத்திரம். பத்தாம் வகுப்புப் பிள்ளை இதை அப்பாவுக்கு விளக்கிவிட்டால் கணக்கு டீச்சருக்குப் பாதி வேலை மிச்சம்.

பைதான் இதற்கப்புறம். திரையில் ஆமை நகர்ந்து கோடு போடும் டர்ட்டிலில் சதுரம் எல்லோருக்கும் வரும், 90 டிகிரி எப்படியும் சரிதான். ஐங்கோணத்தில் மாட்டிக்கொள்வார்கள். உள்கோணம் 108 என்று மனப்பாடம், அதையே கொடுப்பார்கள், வருவது நட்சத்திரமும் இல்லை ஐங்கோணமும் இல்லை. ஆமை திரும்புவது வெளிக்கோணத்தில், 360ஐ 5ஆல் வகுத்து 72. அடுத்த தொல்லை, ஒரு வரியில் டேப், அடுத்த வரியில் ஸ்பேஸ். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், பைதான் ஒத்துக்கொள்ளாது.

ரோபோட்டிக்ஸுக்கான சின்ன சர்க்யூட் போர்டான ஆர்டுயினோவுக்கு அவசரம் வேண்டாம். எல்.இ.டி.யின் நீளக் கால் பாசிட்டிவ், கூடவே 220 ஓம் ரெசிஸ்டர். அது இல்லாமல் மாட்டினாலும் எரியும், எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி. சர்வோ மோட்டாரைப் போர்டின் 5 வோல்ட்டிலேயே ஓட்டினால் போர்டு அடிக்கடி ரீசெட் ஆகும், போர்டு கெட்டுப்போனதாக நினைத்துவிடுவார்கள். விலை குறைந்த போர்டுகளில் யு.எஸ்.பி. இணைப்புக்காக இருக்கும் சி.எச்.340 சிப்பை உபுண்டு 22.04 கண்டுபிடிக்காத தகராறு வேறு உண்டு. பிரெய்ல் கருவிக்கான பி.ஆர்.எல்.டி.டி.ஒய். என்ற தொகுப்பு அந்த யு.எஸ்.பி. இணைப்பைத் தனதென்று பிடித்துக்கொள்கிறது. வீட்டில் பிரெய்ல் கருவி இல்லையென்றால் அதை நீக்கிவிடலாம், போர்டு உடனே தெரியும். அப்புறமும் அனுமதி இல்லை என்று சொன்னால் யூசரை டயல்அவுட் (போர்டு இணைப்பைத் தொட அனுமதி உள்ள) குழுவில் சேர்த்து, லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள்.

ஒரு சான்றிதழுக்கு மட்டும் தனிக் கணக்கு. கேரள பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) வழியாக டைப்பிஸ்ட் வேலைக்குப் போக எண்ணமிருந்தால் கே.ஜி.டி.இ. (கேரள அரசுத் தொழில்நுட்பத் தேர்வு) டைப்பிங்கும் வேர்ட் பிராசஸிங்கும் கேட்பார்கள், மலையாள டைப்பிங்கும் சேர்த்து. அதற்கு மையத்துக்குப் போகத்தான் வேண்டும். சேரும் முன், எந்தப் பரீட்சைக்குத் தயார் செய்கிறீர்கள், சான்றிதழில் யார் கையெழுத்து என்று இரண்டு கேள்வியைக் கவுன்டரிலேயே கேளுங்கள்.