புதியவர்களுக்கு மின்ட் நல்லது

விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸுக்குப் புதிதாக வருபவர்கள், அதன் ஒரு வகையான உபுண்டுவில் தொடங்கலாம் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரிதான், ஆனால் என் ஓட்டு இன்னொரு வகையான லினக்ஸ் மின்ட்டுக்கு. செல்லூரில் தையல் கடை வைத்திருக்கும் அத்தையின் பழைய லேப்டாப்பில், ராம் 4 ஜிபிதான், மின்ட் 22-இன் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பைப் போட்டுக் கொடுத்தேன். மெனு விண்டோஸில் பழகிய இடது மூலையிலேயே இருந்ததால் அத்தை திணறவே இல்லை. பில் எல்லாம் லிப்ரே ஆபீஸ் என்ற இலவச ஆபீஸ் மென்பொருளில்தான். மின்ட் 22-க்கு 2029 வரை பாதுகாப்பு அப்டேட்டும் உண்டு.

அப்புறம், நிறுவியதும் முதல் வேலையாக, சிஸ்டத்தின் நிலையை அவ்வப்போது சேமித்து வைக்கும் டைம்ஷிஃப்ட் கருவியை அமைத்துவிடுங்கள். போன மாதம் நான் டிரைவரை மாற்றப்போய் வைஃபை போய்விட்டது. டைம்ஷிஃப்ட்டில் முந்தைய நாள் நிலைக்குத் திரும்பியதும் சரியாகிவிட்டது. ஆனால் அது காப்பது சிஸ்டத்தை மட்டுமே. பில் கோப்புகளைத் தனியாகப் பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.