சதயத்தை ஞாயித்துக்கிழமைக்கு மாத்தச் சொல்றாங்க

நேத்து ராத்திரி பங்காளிகள் வாட்ஸப் குழுவுல ஒரு செய்தி வந்துச்சு. "இந்த வருஷம் பிள்ளையார் நோன்பு வாரத்து நடுவுல வருது. பிள்ளைங்களுக்கு லீவு கிடையாது. அடுத்து வர்ற ஞாயித்துக்கிழமை காரைக்குடியில ஒரு ஏசி ஹால் பார்த்து வச்சுக்கிட்டா எல்லாரும் வந்துட்டுப் போகச் சௌகரியம். சாப்பாட்டுக்கும் ஆள் சொல்லிடலாம்." கீழே வரிசையா கட்டைவிரல். எண்ணிப் பார்த்தேன், 14. ஒருத்தர்கூட "ஏம்ப்பா, சதயத்தை எப்படி மாத்துறது?"ன்னு கேக்கல.

அதைப் படிச்சதுலேர்ந்து வயிறு எரியுது. போன் பண்ணிக் கேட்டா "கோவப்படாதீங்கண்ணே"ன்னு வச்சிடுவாங்க. அதான் இங்க கொட்டுறேன்.

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. பிள்ளையார் நோன்பு செட்டிநாட்டுல நகரத்தார் வீடுகள்ல கும்பிடுறது. திருக்கார்த்திகையிலேர்ந்து 21 நாள் எண்ணி, மார்கழியில சஷ்டித் திதியும் சதய நட்சத்திரமும் கூடுற அன்னைக்கு, விளக்கு வச்சதுக்கப்புறம் நடக்கும். பச்சரிசி மாவும் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைஞ்சு சின்னதா ஒரு பிள்ளையார் பிடிப்பாங்க. புதுக் கோடி வேட்டியிலேர்ந்து உருவின 21 நூலைத் திரியாத் திரிச்சு அதுல வச்சு ஏத்துவாங்க. வீட்டுல மூத்தவர் அதைக் கையில கொடுப்பார். நாம விழுந்து கும்பிட்டு, எரியுற ஜோதியோடயே வாயில போட்டுக்கணும். இதுதான் இழை எடுத்துக்கிறது. தீபாவளி, பொங்கல் எல்லாம் எல்லாருக்கும் இருக்கு. எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேர்ந்து, வருஷத்துல பெரிய நாள்னா இந்த நாள்தான்.

எங்க அப்பத்தா ஒரு கதை சொல்லும். கடல் தாண்டிக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போன காலத்துல ஒரு மரக்கலம் புயல்ல மாட்டித் திசை தவறிப் போச்சு. கார்த்திகைக்கு அப்புறம் கரையே காணல. பிள்ளையாரை வேண்டிக்கிட்டு, நாளுக்கு ஒரு நூலாக் கட்டியிருந்த வேட்டியிலேர்ந்து உருவி வச்சாங்களாம். கரையேறின அன்னைக்கு எண்ணிப் பார்த்தா 21 நூல். அன்னைக்குச் சஷ்டி, சதயம். அந்த நூலைத்தான் திரியாக்கி ஏத்தினாங்க.

இது நடந்துச்சா நடக்கலையான்னு வாதாட நான் வரல. இந்தக் கதையோட உயிர் எங்க இருக்குன்னு பாருங்க. கரை எங்கேன்னே தெரியாதவன் நாளைத் தவறவிடாம எண்ணினான். ஒரு நூல் ஒரு நாள். அந்த 21 நாளைத்தான் நாம நெருப்போட முழுங்குறோம். இதுல போயி "நாலு நாள் தள்ளி வச்சுக்கலாம்"னா நம்ம கையில மிஞ்சுறது என்ன? வெல்லம் போட்ட மாவு. அதுக்கு எதுக்கு ஹால், எதுக்கு 14 கட்டைவிரல்?

போன வருஷமும் இதே பேச்சுத்தான் வந்துச்சு. அப்பச்சி, எங்க அப்பாதான், ஒரே வார்த்தையில "சதயத்தன்னைக்குத்தான்"னு முடிச்சுட்டார். சரி, வருவாங்கன்னு நம்பினோம். எங்க வீடு 11 புள்ளி உள்ள வீடு; புள்ளின்னா கல்யாணமான ஒரு குடும்பம். சின்னது பெருசு எல்லாம் சேர்த்து நாப்பது பேர் தேறும். ஆத்தா நாப்பது இழைக்குத் திரி திரிச்சா.

அதை நீங்க பார்த்திருக்கணும். மத்தியானம் சாப்பாடு முடிஞ்சு பட்டாலையில சுவத்துல சாஞ்சு உக்காந்து, வேட்டி நுனியைச் சின்னதாக் கீறி, ஒவ்வொரு நூலா உருவினா. கண்ணுல ஒண்ணு ஆபரேஷன் பண்ணினது. நூலை வெளிச்சத்துக்கு நேராத் தூக்கிப் பிடிச்சு, வாய்க்குள்ளேயே எண்ணிக்கிட்டே இருந்தா. நடுவுல யாராவது பேசினா எண்ணிக்கை விட்டுப்போகும். முதல்லேர்ந்து எண்ணுவா. 20 இருந்தா திரிக்க மாட்டா, 22 இருந்தாலும் திரிக்க மாட்டா. நாப்பது இழைக்கு 840 நூல். சாயங்காலம் அவ விரல் நுனி ரெண்டும் சிவந்து கிடந்துச்சு.

வந்தது ஒம்பது பேர்.

பெரிய தட்டு நிறையப் பிள்ளையார் உக்காந்திருக்கார், எதிர்ல ஒம்பது பேர் நிக்கிறோம். அந்த நேரம் பார்த்து மெட்ராஸ்லேர்ந்து ஒரு பங்காளி வீடியோ கால்ல வந்தார். "பெரியப்பச்சி, அப்படியே காமிங்க, நாங்களும் எடுத்துக்கிட்ட மாதிரி இருக்கும்"னார். அப்பச்சிக்கு 81 வயசு. யார் கேட்டாலும் மறுக்கத் தெரியாது. எரியுற இழையைப் போனுக்கு நேரா நீட்டிக்கிட்டு நின்னார். கை நடுங்குது. நெய் உருகி வேட்டியில சொட்டுது. அந்தப் பக்கம் படம் அப்படியே நின்னுபோச்சு, "ஹலோ ஹலோ"ன்னு குரல் மட்டும் வருது. திரி முக்கால்வாசி எரிஞ்சு கருகிடுச்சு. அப்பச்சி என்னைத் திரும்பிப் பார்த்து "இதை யாருக்குப்பா கொடுக்க?"ன்னு கேட்டார். நான் வாங்கிப் போட்டுக்கிட்டேன். எனக்குத் தொண்டை அடைச்சது திரியாலயா வேற எதனாலயான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

மிச்சம் இருந்த பிள்ளையார்களை ஏத்தாமலே மறுநாள் ஆத்தா தண்ணியில கரைச்சா. ஒரு வார்த்தை பேசல.

இப்ப "லீவு இல்ல"ங்கிற பேச்சுக்கு வர்றேன். ஆமாம், காலண்டர்ல இதுக்குச் சிவப்பு எழுத்து கிடையாது. என்னைக்குமே கிடையாது. பரீட்சைன்னா புரியுது. ஆஸ்பத்திரியில ராத்திரி டூட்டின்னா புரியுது. வேலை போயிடும்னா யாரையும் நான் கூப்பிடவே மாட்டேன். ஆனா இந்தக் குழுவுல கட்டைவிரல் போட்டவங்கள்ல பாதிப் பேர் நண்பன் கல்யாணத்துக்கு கோவா போக மூணு நாள் லீவு போட்டவங்க. பஞ்சாங்கம் சித்திரைக்கு முன்னாடியே கைக்கு வந்துருது. சதயம் என்னைக்குன்னு எட்டு மாசம் முன்னாடியே தெரியும். ரயில் முன்பதிவு இப்ப 60 நாளுக்கு முன்னாடி திறக்குது. மெட்ராஸ்ல பல்லவன் ரயில்ல ஏறினா நேரா காரைக்குடியில இறங்கலாம். மனசு வேணும், வேற ஒண்ணும் வேணாம்.

சிங்கப்பூர் டேங்க் ரோட்டுல தண்டாயுதபாணி கோயிலை 1859ல கட்டினது யாரு? வட்டிக்கடை வைக்கப் போன நம்ம ஐயாக்கள்தான். கடையும் தங்குற இடமுமான கிட்டங்கியில ஒரு பெட்டியும் பாயும்தான் இடம்னு படுத்துக் கிடந்தவங்க, சாமிக்குக் கோயில் கட்டினாங்க. அங்க தைப்பூசத்துக்கு இருந்த பொது விடுமுறையை 1968ல எடுத்துட்டாங்க. பூசம் நின்னுச்சா? இன்னைக்கும் லீவு போட்டுக்கிட்டுக் காவடி எடுக்குறாங்க. நம்ம தமிழ்நாட்டுல தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை வந்தது 2021லதான். அதுக்கு முன்னாடி தலைமுறை தலைமுறையா குன்றக்குடியில கூடிப் பழனிக்கு நடந்தாங்களே நகரத்தார் காவடிக்காரங்க, அவங்க எல்லாம் எந்த அரசாணையைப் பார்த்து நடந்தாங்க? கால் கொப்புளத்தோட நடந்தவன் ஒருத்தனாவது "பூசத்தை ஞாயித்துக்கிழமைக்கு வச்சுக்கலாமா"ன்னு கேட்டிருப்பானா?

வெளிநாட்டுல ஹால் பிடிச்சு, தெரிஞ்சவங்க தெரியாதவங்க எல்லாம் கூடி இழை எடுத்துக்கிறவங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. அங்க வீடு இல்ல, பெத்தவங்க பக்கத்துல இல்ல. இருக்கிறதை வச்சு விடாமச் செய்றாங்க, அவங்களைக் கையெடுத்துக் கும்பிடணும். நமக்கு என்ன குறை? முகப்பும் நடுமுற்றத்து வளவும் ரெண்டாங்கட்டுமா வீடு நிக்குது. இழை எடுத்துக் கொடுக்கப் பெரியவர் உயிரோட இருக்கார். பூட்டின வீட்டுக்கு முன்னாடி நின்னு செல்பி எடுத்து "எங்க பூர்வீக வீடு"ன்னு போடத் தெரியுது. அந்த வீட்டுக்குள்ள ஒரு சாயங்காலம் வந்து உக்கார முடியல.

லீவுதான் பிரச்சினைன்னா பொங்கலுக்கு என்ன வந்துச்சு? அப்ப நாலு நாள் லீவு இருக்கே. போன பொங்கலுக்கு நடந்ததைச் சொல்றேன், கேளுங்க. ஓடு மாத்தக் காசு வேணும்னு, பங்காளிகள் பெரும்பான்மையாச் சேர்ந்து வீட்டை யாரோ ஒரு கல்யாண ஜோடிக்குப் போட்டோ எடுக்க வாடகைக்கு விட்டுட்டாங்க. பொங்கலன்னைக்கே! கேட்டா, "அன்னைக்கு அங்க யாரும் இருக்க மாட்டாங்களே"ன்னு பதில். ஆத்தாவும் அப்பச்சியும் யாரும் இல்லையா? நான் யாரும் இல்லையா?

எனக்குச் சின்ன வயசுல வளவுல புள்ளிக்கு ஒரு பானை ஏறும். எந்தப் பானை முதல்ல பொங்குதுன்னு நாங்க பிள்ளைங்க ஓடி ஓடிப் பார்ப்போம். அன்னைக்கு அந்த வளவுல குடை மாதிரி லைட்டு நிக்குது. புகை வருதுன்னு எங்க அடுப்பைப் பின்னாடி கொண்டுபோகச் சொன்னாங்க. ஆத்தா ஒத்தைப் பானையைக் கிணத்தடி ஓரமா வச்சா. பால் பொங்கி வழியுற நேரம், நான் சங்கை எடுத்து வாயில வைக்கிறேன், ஒரு பையன் ஓடி வந்தான். "சார், வீடியோ ஓடுது. அஞ்சு நிமிஷம் கழிச்சு ஊதிக்கோங்க." பாவம், அவன் மேல தப்பு இல்ல. காசு கொடுத்திருக்கான். பால் அஞ்சு நிமிஷம் காத்திருக்குமா? நான் ஊதினேன். முழு மூச்சோட மூணு தடவை ஊதினேன். அதுக்குக் குழுவுல எனக்குக் கண்டனம் வந்துச்சு, "வாடகைக்கு விட்ட இடத்துல இப்படிப் பண்ணலாமா"ன்னு.

புள்ளி வரி மட்டும் ஜிபேயில நாள் தவறாம வந்துரும். அதுல ஒரு குறை சொல்ல முடியாது. பணம் அனுப்ப முடியுது, காலம்பர முதல் ஆளா "இனிய நோன்பு நல்வாழ்த்துகள்"னு பூ போட்ட படம் அனுப்ப முடியுது. கருப்பட்டிப் பணியாரம் கூரியர்ல வருமான்னு கேக்க முடியுது. வர மட்டும் முடியல.

இன்னொண்ணு சொல்லணும். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரமா தயங்குறேன். அந்த 14 கட்டைவிரல்ல ஒண்ணு என் மகனோடது.

அவன் பெங்களூர்ல இருக்கான். ராத்திரியே போன் பண்ணினேன். "அப்பா, நிஜமா கேக்குறேன், கோவப்படாதீங்க. இதுக்கெல்லாம் இப்ப அர்த்தம் இருக்கா?"ன்னான். நான் என்ன சொல்ல? அவங்கம்மா அவனை வயித்துல சுமந்த வருஷம், நோன்பன்னைக்கு அப்பச்சி அவளுக்கு ரெண்டு இழை கொடுத்தார். மாசமா இருக்கிற பொம்பளைக்கு ரெண்டு, ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு வயித்துல இருக்கிறதுக்கு. முகம் தெரியாத, பேர் வைக்காத பிள்ளைக்கு, அவன் பங்கு நெருப்பைத் தனியா எண்ணி எடுத்து வச்ச வீடுடா இது. உனக்காகவும் 21 நூல் உங்க அப்பத்தா உருவினா. அர்த்தம் வேற எங்க இருக்கும்னு நினைக்கிறே? கூகுள்ல தேடினா வரும்னா? இதை அவன்கிட்ட அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. "பார்க்கிறேம்ப்பா"ன்னு வச்சுட்டான்.

ஒரு நாள்ல அர்த்தம் தானா ஊறிக்கிட்டே இருக்கும், நமக்குத் தோணினப்ப போய் மொண்டுக்கலாம்னு நினைக்கிறாங்க. வருஷா வருஷம் யாரோ ஒருத்தர் கண்ணு வலிக்க நூல் எண்ணினதாலதான் அது இருந்துச்சு. அந்தக் கை இன்னும் எத்தனை வருஷம் எண்ணும்? அப்பச்சி கையால வாங்குற இழை இன்னும் எத்தனை இருக்கு? எனக்கு இதை நினைச்சாலே நெஞ்சு அடைக்குது. அவருக்கு அப்புறம் கொடுக்க வேண்டியவன் நான். எதிர்ல வாங்கிக்க யாரு நிக்கப் போறா?

காலம்பர எந்திரிச்சதும் குழுவுல எழுதிட்டேன். "நோன்பு சதயத்தன்னைக்கு. நம்ம வீட்டுல. விளக்கு வச்சதுக்கப்புறம். எத்தனை பேர் வர்றீங்கன்னு சொல்லுங்க, ஆத்தா நூல் உருவணும்."

ஆத்தாகிட்டயும் போய்க் கேட்டேன், இந்த வருஷம் எத்தனை இழைக்குத் திரிக்கப் போறேன்னு. "நாப்பதுதான். என்ன கேள்வி இது?"ன்னா. கோடி வேட்டி வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கா, போன வருஷம் வாங்கினதுல நூல் இத்துப்போயிருந்துச்சாம், நல்லாப் பார்த்து வாங்கணுமாம்.

இப்ப மத்தியானம் மூணு மணி. குழுவுல ரெண்டு பேர் பதில் போட்டிருக்காங்க.