இரவு வருத்தத்துக்குப் பகல் டொக்டர்

"ஒண்டும் இல்லையம்மா, எல்லாம் நோர்மல். யோசிக்காமல் படுங்கோ."

இதை இன்னொரு டொக்டர் சொன்னால் அவருடைய மேசையிலேயே ஏறிப் படுத்துவிடுவேன். சாமம் இரண்டு மணிக்கு வந்து பார்க்கட்டும் என் நோர்மலை!

சித்திரை வெக்கையில் யாழ்ப்பாணமே வேகும்போது நான் ஃபேனை நிற்பாட்டிவிட்டுப் போர்வைக்குள் பல்லுக் கிட்டிக் கிடக்கிறேன். நெஞ்சு அடித்துக்கொள்ளும். பிறகு தலையணையைப் பிழியலாம் போல வேர்க்கும். விடிந்தால் ஒன்றுமில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் இரத்தம் எடுப்பார்கள். இரத்த அணு எண்ணும் எஃப்பிசி, அழற்சி காட்டும் சிஆர்பி, சீனி, ஈசிஜி எல்லாம் சேர்ந்து என்னைப் பொய்க்காரி ஆக்கும். காய்ச்சல்மானியை இரவில் ஃபோனில் படமெடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். 101.8 என்று துலாம்பரமாகத் தெரிகிறது. "படமெல்லாம் வேண்டாம்" என்று டொக்டர் கையால் தள்ளிவிட்டார்.

வருத்தம் நேரம் பார்த்து வருவது மருத்துவத்துக்குப் புதினமா? யானைக்கால் கிருமி இரவில்தான் வெளி இரத்தத்துக்கு வரும் என்று தெற்கில் சாமத்தில் வீடுவீடாய்ப் போய் இரத்தம் எடுத்தவர்கள்தானே நம் சுகாதாரத் துறையினர்? யானைக்கால் இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று 2016இல் உலக சுகாதார நிறுவனத்திடம் சான்றிதழும் வாங்கினோம். காசநோய்க் காய்ச்சல் பின்நேரம் ஏறி இரவில் வேர்க்க வைக்கும். அழற்சியை அடக்கும் கோர்ட்டிசோல் ஹோர்மோன் நடுச்சாமத்தை ஒட்டித்தான் உடம்பில் ஆகக் குறைவு. இதெல்லாம் அவர்கள் படித்ததுதான். ஆனால் "எத்தனை மணிக்கு வருது?" என்று ஒருவராவது கேட்கவேண்டுமே!

எங்கே கேட்பது? தனியாரில் டொக்டரைச் சனல் பண்ணி (முன்பதிவு செய்து), காசு கட்டி, நம்பர் வரும்வரை காய்ந்து, உள்ளே போனால் நான் கதிரையில் சரியாக இருக்க முதலே பேனா ஓடுகிறது. பனடோல், கஸ்ரிக் குளிசை, விற்றமின். அதிலும் பெண் என்றால் எல்லாவற்றுக்கும் 'ஸ்ட்ரெஸ்'. நித்திரையில்லாமல் வேலைக்குப் போகிறவளுக்கு ஸ்ட்ரெஸ் வராமல் சந்தோசமா வரும்?

அயல் மாமிமார் பரவாயில்லை. நாவூறு என்று சொல்லி செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார்கள். அவர்களாவது வருத்தம் இருக்கென்று நம்புகிறார்கள், காசும் கேட்கவில்லை.

சனிக்கிழமை இன்னொருவரைச் சனல் பண்ணியிருக்கிறேன். நெஞ்சு எக்ஸ்ரேயும், ஈசிஜியை 24 மணித்தியாலம் உடம்பில் கட்டிவிடும் ஹோல்டரும் எழுதித் தரச்சொல்லி நானே கேட்கப்போகிறேன். கோபித்தால் கோபிக்கட்டும்.